சிஸ்டரம்மா கொடுத்த காகிதம்

மல்லேஸ்வரம், பெங்களூரு
9 மார்ச் 2025

அன்புள்ள சோஃபியா,

கன்னியாஸ்திரியாக நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன் ஐந்து மாதம் கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று நீ சொன்னபோது, இந்தக் காலத்தில் அப்படியும் ஓர் இடமா என்று சிரித்தேன். இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சக்லேஷ்பூருக்குக் கடிதம்தான் வழி. அப்பாவிடம் நல்ல தாள் கேட்டேன். முப்பது வருடம் விதான சௌதாவில் கோப்புப் பார்த்தவர். "மேல பொருள்னு போட்டுட்டு எழுதும்மா, இல்லன்னா எவனும் படிக்க மாட்டான்" என்றார்.

பொருள்: உன் ஒன்பது 'பி', இப்போது என் ஒன்பது 'பி'.

உன் பிள்ளைகள் நலம். வெள்ளிக்கிழமை தோறும் தாழ்வாரத்தில் சிலுவைப் பாதை நடக்கிறது. மரச்சிலுவையை யார் சுமப்பது என்பதில் இந்த வருடமும் சண்டை. உங்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளைவிட எங்கள் இந்துப் பிள்ளைகள்தான் அதிகம் முண்டியடிக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு இருபத்தோராம் தேதி தேர்வு தொடங்குகிறது. சுற்றுச்சுவர்ப் பதாகையில் "பதினோராவது ஆண்டாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று இருப்பதைப் பன்னிரண்டாக்க அச்சகத்தில் சொல்லியாகிவிட்டதாம். பிள்ளைகள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த நூற்றுக்கு நூறு எப்படி வருகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. வியாழக்கிழமை சிஸ்டர் பெனடிக்டா ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களைத் தன் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மேலே 'ஆலோசனைக்கு' என்று இருந்தது. என் தாளில் ஐந்து பெயர்கள். பத்தாம் வகுப்பில் தோற்கக்கூடியவர்கள். பெற்றோர் தாங்களாகவே விரும்பி மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்களாம். ஐந்து பேரும் ஒரே மாதத்தில் தாங்களாகவே விரும்புகிறார்கள்!

மூன்றாவது பெயர் விஜி. ஒக்கலிபுரத்திலிருந்து நடந்து வருவாளே, த்ரோபால் குழுவில் கடைசி வரிசையில் நிற்பாளே, அவள்தான். கணக்கு வராது. படிப்பதும் மெதுவாகத்தான். ஆனால் போன வாரம் சமூக அறிவியலில் ஒரு கேள்வி கேட்டாள்: "மிஸ், அணை கட்டுனப்ப தண்ணிக்குள்ள போன ஊர்ல இருந்தவங்களுக்கு ரேஷன் கார்டு எந்த ஊர் பேர்ல குடுத்தாங்க?" தாளில் அவள் பெயரைப் பார்த்ததுமே, இந்தப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று தீர்மானித்துவிட்டேன்.

நீ அவளை ஒன்றரை வருடம் பார்த்தவள். பெனடிக்டாவிடம் நான் சொல்ல ஏதாவது கொடு. உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. என் பேச்சுக்கு, "நிருபமா, யூ ரீட் டூ மச்" என்பதுதான் பதில்.

அன்புடன்,
நிருபமா


சக்லேஷ்பூர்
17 மார்ச் 2025

அன்பு நிருபமா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பயிற்சித் தலைவிக்குத் தமிழ் படிக்க வராது. உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "யாரு, காதலனா?" என்று கேட்டுக் கொடுத்தார். மங்களூர்க்காரர், நல்ல மனசு.

இங்கே போன வாரம் மழை பெய்து காப்பிச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூத்தன. காலை நான்கே முக்காலுக்கு எழுந்திருக்கிறோம். மதியம்வரை பேச்சு கிடையாது. முதல் மாதம் அது பெரிய ஓய்வாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. பேசாமல் இருந்தால் பழையதெல்லாம் பேச ஆரம்பிக்கிறது.

விஜியைப் பற்றிக் கேட்டாய். நல்ல பிள்ளை. ஆனால் நிரு, சிஸ்டர் பெனடிக்டாவைக் கொடுமைக்காரி என்று நினைக்காதே. நம் பள்ளிக்கு எதிரே இரண்டு புதுப் பள்ளிகள் வந்துவிட்டன. பெற்றோர் அந்தப் பதாகையைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் அரசு ஒரு பிரிவை மூடும். அப்போது விஜி மாதிரி முப்பது பேருக்கு இடம் இருக்காது. தோற்றுப்போய் வீட்டில் உட்காருவதைவிட, வேறு பள்ளியில் மெதுவாகப் படிப்பது அவளுக்கும் நல்லதாக இருக்கலாம். தையல் பயிற்சிகூட எங்கள் சபையே நடத்துகிறது.

விஜியின் அம்மா காந்தா அக்காவிடம் தசராவுக்கு முன்பே நான் பேசியிருக்கிறேன். அவர்

மேலே அடித்திருப்பதைப் படிக்க முயலாதே. பேனா சரியில்லை.

இந்த விஷயத்தில் நீ சண்டை போடாமல் இருந்தால் நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ அங்கே நிரந்தரம் ஆகவில்லை. எனக்காக வேண்டிக்கொள். உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் சும்மா உட்கார்.

இயேசுவில் அன்புடன்,
சோஃபியா


மல்லேஸ்வரம்
26 மார்ச் 2025

சிஸ்டர் சோஃபியா அவர்களுக்கு,

திங்கட்கிழமை விஜியின் அம்மா வந்திருந்தார். பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸ் ஆலையில் தைக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்திருந்தார். கணவர் விட்டுப் போனபிறகு எடுத்த மூன்றாவது விடுப்பு என்று என்னிடம் சொன்னார்.

நான் பேச ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பேச வாய்ப்பே வரவில்லை. பெனடிக்டா ஒரு நீலக் கோப்பைத் திறந்து, தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து மேசையில் திருப்பி வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. என் சொந்த விருப்பத்தின் பேரில் என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன், பள்ளி என்னை எவ்விதத்திலும் வற்புறுத்தவில்லை. கீழே 'காந்தா' என்று தமிழில் கையெழுத்து. தேதி போட வேண்டிய இடம் காலி.

அதன்பின் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க சைன்தானே காந்தா?"

"ஆமா சிஸ்டர். இது ஸ்பெஷல் கிளாஸ் பேப்பர்தானே?"

"ஸ்பெஷல் கிளாஸா? யாரு சொன்னா?"

"சிஸ்டரம்மாதான். சோஃபியா சிஸ்டர். தசரா லீவுக்கு முன்னாடி, மார்க் கார்டு குடுத்த அன்னிக்கி. கணக்குக்குத் தனியா ஸ்பெஷல் கிளாஸ் வெக்கறோம், ஒரு கையெழுத்துப் போடுங்கக்கான்னாங்க."

"படிக்காம யாராவது சைன் பண்ணுவாங்களா?"

காந்தா என்னைப் பார்த்தார். பிறகு பெனடிக்டாவைப் பார்த்தார். "பேங்க்காரன் குடுத்தா படிக்கச் சொல்லிக் கேப்பேன் சிஸ்டர். ஹவுஸ் ஓனர் குடுத்தா நாலு பேருகிட்ட காட்டுவேன். சிஸ்டரம்மா குடுத்த பேப்பரை யாராச்சும் படிச்சுப் பாப்பாங்களா?"

பெனடிக்டாவுக்கும் அது புதுச் செய்தி என்றே நினைக்கிறேன். கோப்பை மூடிவிட்டார். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முடிவு ஏப்ரல் பத்தாம் தேதி சொல்வதாகச் சொன்னார். அன்றுதான் தேர்ச்சிப் பட்டியலும் மாற்றுச் சான்றிதழ்களும்.

மாலை அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது கோப்பைப் பார்த்தேன். ஐந்து தாள்கள். பெயரும் வகுப்பும் நிரப்பியது உங்கள் கையெழுத்து. 'க' எழுதும்போது கீழே ஒரு சின்ன வளைவு போடுவீர்களே, பெயர்களைத் தமிழிலும் எழுதியிருந்ததால் தெரிந்தது.

விஜி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வெளியே வந்ததும், "ஸ்பெஷல் கிளாஸ் எப்பம்மா?" என்று கேட்டாள். அக்டோபரிலிருந்து காத்திருக்கிறாள் போலிருக்கிறது.

காந்தா சொன்னது உண்மையா? 'ஆம்', 'இல்லை' இரண்டில் ஒன்று எழுதினால் போதும். காப்பிப் பூ வேண்டாம்.

நிருபமா


சக்லேஷ்பூர்
2 ஏப்ரல் 2025

நிருபமா,

ஆம்.

இதோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன். நீ கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் நான்கு நாளாக வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

கையெழுத்து வாங்கி வைக்கச் சொன்னது சிஸ்டர் பெனடிக்டா. என்ன சொல்லி வாங்குவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் வந்தவர் ரக்ஷாவின் அப்பா ஆதிகேசவன், சிவாஜிநகர் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய மனிதர். "எம் பொண்ணை வெளிய அனுப்பாதீங்க சிஸ்டர், நான் பத்து தடவ வேணா வந்து நிக்கறேன்" என்று அழுதார். பிறகு கையெழுத்தும் போட்டார், பயந்துகொண்டு. அதை என்னால் இன்னொரு முறை பார்க்க முடியாது என்று தோன்றியது.

அடுத்து வந்தவரிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன். வாயிலிருந்து தானாக வந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அதற்குப்பிறகு மற்ற மூவரிடமும் அதையேதான் சொன்னேன். காந்தா அக்கா "தேங்க்ஸ் சிஸ்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று என் குரல் மிகவும் கனிவாக இருந்தது, நிரு. எனக்கே கேட்டது.

நவம்பரில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். 'பொய் சொன்னேன்' என்று மட்டும் சொன்னேன். எத்தனை பேரிடம், எதற்காக என்று பங்குச் சாமியார் கேட்கவில்லை. மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, முடிந்தது என்று எழுந்து வந்தேன். நடந்தது எனக்கும் கடவுளுக்கும் நடுவில் என்று நினைத்திருக்கிறேன். நடுவில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள்.

இதை யாரிடமும் சொல்லாதே என்று கேட்கத்தான் தாளை எடுத்தேன். மே முப்பத்தொன்றில் வார்த்தைப்பாடு. பெனடிக்டா எங்கள் சபையின் மாநிலத் தலைவிக்கு ஒரு வரி எழுதினால் நின்றுபோகும். கே.ஜி.எஃப்.பில் அம்மா அழைப்புப் பத்திரிகை அடித்து எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். அப்பா சுரங்கத்தில் இறங்கி, நுரையீரல் கெட்டு இறந்தபிறகு எங்கள் வீட்டில் நடக்கும் முதல் விசேஷம் இது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ நினைக்கிறாய்?

சோஃபியா


மல்லேஸ்வரம்
7 ஏப்ரல் 2025

சோஃபியா,

உன் கடிதம் இன்று வந்தது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பத்தாம் தேதிக்குள் கிடைக்கும் என்று நம்பவில்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், நான் சொன்னதால் செய்தாய் என்று ஆகிவிடும். யாரிடமும் சொல்லவும் மாட்டேன். சொல்ல வேண்டியவள் நான் அல்ல.

ஆனால் மேலே நின்றுகொண்டு எழுதுவதாக நீ நினைக்கக் கூடாது. சனிக்கிழமை சான்றிதழ்ப் பதிவேட்டில் வகுப்பாசிரியை என்ற இடத்தில் நான் இரண்டு கையெழுத்துப் போட்டேன். ரக்ஷாவுக்கு ஒன்று, கிருஷ்ணகிரிக்குக் குடிபோகும் பெண்ணுக்கு ஒன்று. பெனடிக்டா பதிவேட்டை நீட்டினார், நான் பேனாவைத் திறந்தேன். விஜிக்காகப் பேச வேண்டுமென்றால் மற்றதில் மல்லுக்கு நிற்கக் கூடாது என்று கணக்குப் போட்டேன். அவள் கேட்ட ஒரு நல்ல கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். ரக்ஷா என்னிடம் கேள்வி எதுவும் கேட்டதில்லை.

விஜி கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கணக்கில் நூற்றுக்கு இருபத்திரண்டு.

நிருபமா


சக்லேஷ்பூர்
22 ஏப்ரல் 2025

அன்பு நிருபமா,

உன் கடிதம் பத்தாம் தேதிக்குப் பிறகுதான் கிடைத்தது. விஜிக்கும் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள் என்று புரிந்துகொண்டேன்.

பெரிய வியாழன் அன்று இங்கே பாதம் கழுவும் சடங்கில் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தார்கள். தண்ணீர்ச் செம்பை ஏந்தி நிற்கும் வேலை எனக்கு. மூன்றாவது பெண் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "வெடிப்பு இருக்கு சிஸ்டர், பேடா, வேணாம்" என்றார். நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பயிற்சித் தலைவி பின்னாலேயே வந்தார். அவரிடம் எல்லாம் சொன்னேன். ஈஸ்டர் முடிந்த மறுநாளே மாநிலத் தலைவியைப் போய்ப் பார்த்தோம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வார்த்தைப்பாட்டை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் கொடுப்பார்களா என்பதும் சொல்லவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொல்ல அனுமதி தந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா "பத்திரிகைய என்ன பண்றது?" என்று கேட்டார்.

சிஸ்டர் பெனடிக்டாவுக்கு எழுதிவிட்டேன். அந்தத் தாள்களில் நான்கு, பொய் சொல்லி வாங்கியவை, ஒன்று பயமுறுத்தி வாங்கியது, எதுவும் செல்லாது என்று எழுதினேன். மாநிலத் தலைவி அதில் தன் கையெழுத்தையும் போட்டு, விரும்பும் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்.

இதோடு ஐந்து கடிதங்கள் வைத்திருக்கிறேன். வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. நீ நேரில் கொண்டுபோய்க் கொடுப்பாயா? மூன்று தமிழில், இரண்டு கன்னடத்தில். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பாவம், அவர்கள் உடனே கொடுத்துவிடுவார்கள். நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

சோஃபியா


மல்லேஸ்வரம்
5 ஜூன் 2025

அன்புள்ள சோஃபியா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஐந்து வீடுகளும் ஐந்து திசையில் இருந்தன. விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள்.

கிருஷ்ணகிரிக்குப் போனவர்களுக்குத் தபாலில் அனுப்பினேன், பதில் இல்லை. உன் கையை முத்தமிட்ட அம்மா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு பெண் திரும்பி வருகிறாள். அவள் அப்பா வாசலில் நின்றபடியே தலையை மட்டும் ஆட்டினார்.

ஆதிகேசவனை ஆட்டோ நிலையத்தில் பிடித்தேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரக்ஷாவ கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுட்டேன் மிஸ். ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து அவளுக்கு வயித்து வலியே வரல. அங்கயே இருக்கட்டும்" என்றார். அவள் என் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் வயிற்று வலி என்று படுத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நடிக்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். என்னை ஆட்டோவில் மல்லேஸ்வரம்வரை கொண்டுவந்து விட்டார். மீட்டர் போடவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒக்கலிபுரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். காந்தா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "பேடா மிஸ், எனக்குத் தமிழ் வரும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்துப் படித்தார். இரண்டு பக்கம். இடையில் குக்கர் சத்தம் போட்டது, விஜி எழுந்து போய் அணைத்தாள். முடித்ததும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார்.

"நெசமாத்தான் எழுதியிருக்காங்க" என்றார் கடைசியில். "சிஸ்டரம்மாகிட்ட சொல்லுங்க மிஸ். எனக்குக் கோவம் போகல. அவங்க மேலகூட இல்ல, எம்மேலதான். கையெழுத்துப் போட்டுட்டு நான் சந்தோஷமா பஸ் ஏறினேன் பாருங்க, அதை நெனச்சாத்தான். போகும்போது போவும்."

இதை மென்மையாக்கி எழுதலாமா என்று யோசித்தேன். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

இனி பெனடிக்டா. உன் கடிதம் அவருக்குக் கிடைத்தது. மே முதல் வாரத்தில் தேர்வு முடிவு வந்தது, நூற்றுக்கு நூறு. பன்னிரண்டு போட்ட பதாகையை வாங்கிவர அச்சகத்துக்கு ஆள் போகவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நான் சொல்லலை அவளை, லை பண்ணுன்னு. ஆனா கேக்கவும் இல்ல, நீ எப்படி வாங்குனேன்னு" என்றார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நானும் என் இரண்டு கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அவரைப் பிடிக்காது. அன்று எழுந்துபோகத் தோன்றவில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வரி. மார்ச்சில் உனக்கு 'நீங்கள்' என்று எழுதியபோது ஒரு திருப்தி இருந்தது. மே மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் மூன்று மணிக்குக் கணக்கு வராத பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். எனக்கே கணக்கு சுமார்தான், முதல் நாள் இரவு அப்பாவிடம் படித்துவிட்டுப் போகிறேன். அங்கிருந்து உன்னை விட்டால் எங்கே அனுப்புவார்கள்? கைபேசி திரும்பக் கிடைத்தாலும் கடிதம் எழுது.

திங்கட்கிழமை விஜி திரும்பச் சேர வந்தாள். பெனடிக்டா அவளை மேசைக்கு எதிரே நிற்க வைத்தார். நான் கதவருகே நின்றேன்.

"மேத்ஸ்ல எவ்வளவு?"

"இருபத்திரண்டு, சிஸ்டர்."

"பத்தாவதுல பாஸ் பண்ணுவேன்னு பிராமிஸ் பண்ணு. பண்ணிட்டு கிளாஸுக்குப் போ."

விஜி யோசித்தாள். சும்மா தலையாட்டிவிட்டுப் போகக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

"பிராமிஸ் பண்ண முடியாது சிஸ்டர்" என்றாள். "படிப்பேன். ஆனா ஃபெயிலானா, இங்கயே ஃபெயிலாவறேன்."

வெளியே முதல் மணி அடித்து, அசெம்பிளிக்குப் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. பெனடிக்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். சேர்க்கைப் பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார். பிறகு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பெல்ட் எங்க? பெல்ட் இல்லாம அசெம்பிளியில போய் நிக்காதே. ஓடு, ஆஃபீஸ்ல கேட்டு வாங்கிக்கோ."

அன்புடன்,
நிருபமா